குருவம்மா கட்டின கல்யாண மாலை

ஒரு ஊர்ல ஒரு கத்திரித் தோட்டம் இருந்துச்சு. அந்தத் தோட்டத்துக்காரன் பேரு ஆண்டியப்பன், அவன் பொண்டாட்டி பேரு குருவம்மா. மலையடிவாரத்துல தோட்டம், தோட்டத்துல ஒரு கெணறு, கெணத்தடியில ஒரு குடிசை. வீடு மட்டும் ஊருக்குள்ள. அவங்களுக்கு ஒரே ஒரு மக, தெய்வானைன்னு பேரு. ம் கொட்டிக்கிட்டே வரணும் கண்ணு. நீ நிறுத்திட்டா நானும் நிறுத்திருவேன்.

ம்.

அந்த ஆண்டியப்பனுக்கும் குருவம்மாவுக்கும் கல்யாணம் நடந்த வருசம் பெரிய பஞ்சம். சுத்துப்பட்டுல எங்கயும் ஒரு பூ இல்லை. டவுன்ல இருந்து மூணு நாளைக்கு முந்திக் கட்டின மாலை வந்துச்சு. மாலை மாத்தறப்பவே பொலபொலன்னு உதிந்து போயி, ரெண்டு பேரு கழுத்துலயும் நாருதான் மிச்சம் நின்னுச்சு. பந்தல்ல இருந்த சனம் பூராச் சிரிச்சுச்சு. ஆண்டியப்பனுக்கு அது நெஞ்சுல தைச்சிருச்சு. தெய்வானை பெரியவளானதும் அவன் பொண்டாட்டிகிட்டச் சொன்னான்: "குருவம்மா, எம் மக கழுத்துல விழுகிற மாலை நம்ம மண்ணுல பூத்ததா இருக்கணும். அன்னைக்குக் காலையில பறிச்சதா இருக்கணும்."

"கத்திரி வெளையற மண்ணுல பூ வருமா?" ன்னு இவ கேட்டா.

"போட்டாத்தான தெரியும்" ன்னான்.

அப்புறம் ஆடி மாசம் ரெண்டு பேருமா கத்திரியைப் பிடுங்கிட்டு மல்லிப் பதியன் நட்டாங்க. வரப்போரமா அரளி, வாய்க்காலோரமா சம்பங்கிக் கெழங்கு, ஒரு மூலையில மரிக்கொழுந்து. ஊரு சிரிச்சுச்சு. ஒரு மாலைக்கு ஒரு தோட்டமான்னு கேட்டுச்சு. இவங்க காதுல வாங்கிக்கலை.

அப்போ மொத சோதனை வந்துச்சு. என்னன்னா, மாசி மாசம் கெணறு வத்திப்போச்சு. வாளியை விட்டா சளக்குன்னு சத்தம் வராம டங்குன்னு பாறையில இடிக்குது. கம்மாயும் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. கம்மாய்க்குள்ள ஆளுயரத்துக்கு ஒரு ஊத்துத் தோண்டி, சொட்டுச் சொட்டா ஊறுற தண்ணியைத் தேங்காச் செரட்டையில மோந்து மோந்து கொடத்துல ஊத்தி, ரெண்டு பேரும் தலையில சுமந்தாங்க. செடிக்கு ஒரு செரட்டைத் தண்ணி. அதுக்கு மேல ஒரு சொட்டு இல்லை. மூணு மாசம் சுமந்தாங்க. குருவம்மாவுக்கு உச்சந்தலையில கொடம் உக்காந்த எடத்துல முடியே போயிருச்சு. பாதிச் செடி கருகுச்சு, பாதிச் செடி தப்பிச்சுச்சு.

ம்.

அப்புறம் மழை பேஞ்சு கெணறு ஊறுச்சு. ஐப்பசியில தெய்வானைக்கு ஒரு மாப்பிள்ளை அமைஞ்சான். வெத்தலை பாக்கு மாத்தினாங்க. மாத்தி எட்டு நாள்தான், மாப்பிள்ளையோட தாத்தா செத்துப் போயிட்டாரு. எண்பது வயசுக் கெழவரு கண்ணு, எப்பவோ போயிருக்க வேண்டியவரு. ஆனா அந்த வீட்டுக்காரங்க, பொண்ணு ராசி சரியில்லை, தட்டைத் தொட்டதும் ஒரு உசுரு போச்சுன்னு சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் தெய்வானை தண்ணிக்குப் போனா ஊருக் கெணத்தடியில பேச்சு நின்னு போகும். வயித்துப்புள்ளைக்காரிக அவ எதுக்க வந்தா ஒதுங்கி நிப்பாளுக. புள்ளை வெளிய போறதையே விட்டுட்டா.

தையில இன்னொரு சம்மந்தம் வந்துச்சு. பக்கத்து ஊரு, மாப்பிள்ளை பேரு ராசாமணி. அவன் ஆத்தா காத்தாயி எல்லாத்தையும் நாலு தரம் விசாரிக்கிற பொம்பளை. பழைய கதையும் அவ காதுக்குப் போயிருந்துச்சு. ராசாமணிதான், எனக்கு அந்தப் பொண்ணைப் புடிச்சிருக்குன்னு ஒத்தைக் கால்ல நின்னு முடிச்சான். வைகாசியில முகூர்த்தம்.

அப்போ ரெண்டாவது சோதனை வந்துச்சு. பங்குனியில செடி கொத்துக் கொத்தா மொட்டு விட்டுச்சு. ஆனா பாத்தா மொட்டெல்லாம் வெள்ளையா இல்லை, ஊதா நெறத்துல சூம்பிக் கெடக்கு. கிள்ளிப் பாத்தா உள்ளுக்குள்ள புழு, நெளுநெளுன்னு. மொட்டுப்புழு விழுந்துருச்சு. வேப்பங்கொட்டையை இடிச்சு ஊற வச்சுத் தெளிச்சாங்க. கேக்கலை. அப்புறம் ஆண்டியப்பன் ஒரு பாத்தி, குருவம்மா ஒரு பாத்தி, தெய்வானை ஒரு பாத்தின்னு உக்காந்து, கெட்ட மொட்டை ஒண்ணொண்ணாக் கிள்ளித் தீயில போட்டாங்க. சடசடன்னு வெடிக்கும். ஒரு மாசம் இதே வேலை. அந்த வேலையிலதான் ஆண்டியப்பன் அப்பப்ப நெஞ்சைத் தடவிக்கிட்டான். "என்னங்க?" ன்னு கேட்டா, "குனிஞ்சு குனிஞ்சு வாயுப் புடிச்சிருச்சு" ன்னு சொல்லிருவான். இவளும் சுக்கைத் தட்டிப் போட்டுக் குடுத்துட்டு விட்டுட்டா. அதை நெனச்சு நெனச்சு அவ பின்னாடி எத்தனையோ நாளு அழுதா. முழிச்சிருக்கியா?

ம்.

வைகாசி வந்துச்சு. தோட்டம் பூத்த பூப்பு இருக்கே, நட்சத்திரம் கொட்டின மாதிரி. கல்யாணத்துக்கு மொத நாளு பொழுது சாயறதுக்குள்ள சம்பங்கி, அரளி, மரிக்கொழுந்து எல்லாத்தையும் பறிச்சுக் குடிசையில ஈரச் சாக்குக்குள்ள மூடி வச்சாங்க. மல்லி மட்டும் விடியப் பறிக்கணும். வீட்டுல ஒரே சனக்கூட்டம், அங்க உக்காந்து மாலை கட்ட முடியாது. அதனால தோட்டத்துலயே ரெண்டு பேரும் உக்காந்து கட்டி எடுத்துட்டு வந்துர்றதுன்னு பேச்சு. மாலை கட்டறதுக்குன்னே ஆண்டியப்பன் டவுன்ல ஒரு பூக்கட்டறவர்கிட்டப் போயி நாலு வாரம் பழகியிருந்தான். குருவம்மாவுக்குச் சரம் தொடுக்கத் தெரியும், மாலை கட்டத் தெரியாது.

விடியக்காலம் ஆண்டியப்பன் முன்னாடியே போயிட்டான். குருவம்மா வாசல்ல கோலம் போட்டு முடிச்சா. மகளை எழுப்பி எண்ணெய் வைக்கச் சொன்னா. அப்புறம் நனைச்ச வாழைநாரை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்கு நடந்தா. கெழக்க அப்பத்தான் வெளுக்குது. மல்லி வாசம் வரப்புலயே கும்முன்னு வந்து மோதுது. போயிப் பாத்தா, அவன் கெணத்துத் தொட்டியில சாஞ்சு உக்காந்திருக்கான். மடியில துண்டு, துண்டு நெறைய மொட்டு.

"ஏங்க, அதுக்குள்ள அலுத்துப் போச்சா?" ன்னா.

அவன் பேசலை. கிட்டப் போயித் தோளைத் தொட்டா. தலை ஒரு பக்கமாச் சரிஞ்சுச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. கண்ணு பாதி தெறந்து பாத்தியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மூக்குல வெரலை வச்சுப் பாத்தா, மூச்சு இல்லை.

செத்துப் போயிட்டானா?

செத்துப் போயிட்டான் கண்ணு. மூணாவது சோதனை அதுதான்.

குருவம்மாவுக்கு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் கெளம்பி வந்துச்சு. வாய் வரைக்கும் வந்ததை, முந்தானையைச் சுருட்டி வாயில வச்சு அடைச்சுக்கிட்டா. ஏன்னா, அவ ஒரு குரல் அழுதாப் போதும், நாலு தோட்டத்துச் சனம் ஓடி வரும். ஊருக்குச் சேதி போகும். மேளம் நிக்கும், பந்தலைப் பிரிப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வண்டியைத் திருப்பிக் கட்டுவாங்க. அன்னைக்குத் தட்டைத் தொட்டு ஒரு கெழவன் போனான், இன்னைக்குத் தாலி வர்றதுக்குள்ள அப்பனை முழுங்கிட்டான்னு ஊரு பேசும். அதுக்கப்புறம் அந்தப் புள்ளை வாசப்படியை எவன் மிதிப்பான்? இவ அவனையே பாத்துக்கிட்டு மண்ணுல உக்காந்திருந்தா. எம்புட்டு நேரமோ தெரியலை. அப்புறம் அவன் கண்ணை மூடிவிட்டா. மடித் துண்டைப் பூவோட தூக்கி ஓரமா வச்சா.

பக்கத்துத் தோட்டத்துல பேச்சின்னு ஒருத்தி இருந்தா. அறுபது வயசு. இருபதுலயே தாலி அறுத்தவ, புள்ளை குட்டி இல்லை. எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டா. போனாச் சனம் மொகத்தைச் சுளிக்கும்னு அவளுக்குத் தெரியும். குருவம்மா நேர்ல போயிக் கூப்பிட்டப்பவே, "வந்ததா வச்சுக்கோ ஆத்தா" ன்னு சொல்லிட்டா. இப்போ குருவம்மா வேலியோரம் போயி, "பேச்சியக்கா" ன்னு மெதுவாக் கூப்பிட்டா.

பேச்சி வந்து பாத்தா. நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு நின்னா. அவளும் சத்தம் போடலை.

"ஊருக்குச் சொல்லலையா?" ன்னா.

"தாலி ஏறட்டும் அக்கா."

"தீட்டுல கல்யாணம் ஆகுமா குருவம்மா?"

"அவங்களுக்குத் தெரியாத தீட்டு அவங்களை ஒண்ணும் செய்யாது. தெரிஞ்சது எனக்கு. அதை நான் சுமந்துக்கிறேன்."

பேச்சி குனிஞ்சு ஆண்டியப்பன் காலை நேராக்கி வச்சா. அப்புறம், "பொணத்தைத் தனியா விடக்கூடாது. நீ போ, நான் இருக்கேன். எனக்கு அங்க என்ன வேலை" ன்னா.

ரெண்டு பேருமாத் தூக்கிக் குடிசைக்குள்ள கொண்டு போயிப் பாயில படுக்க வச்சு, வேட்டியால போத்திவிட்டாங்க. குருவம்மா அவன் பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்து நாரை எடுத்தா. சாக்கைப் பிரிச்சா. இந்தப் பக்கம் நாலு சம்பங்கி, அந்தப் பக்கம் நாலு சம்பங்கி, நடுவுல மல்லியும் மரிக்கொழுந்தும், நாரை ஒரு சுத்துச் சுத்தி ஒரு இழுப்பு. அவன் கட்டறப்பப் பாத்ததுதான். ஒரு தரம் இறுக்கி இழுத்தாக் காம்பு அறுந்துருது. லேசா விட்டாப் பூ நழுவுது. வெளிய வெளிச்சம் ஏறுது. தூரத்துல டும் டும்னு மேளம் ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு மாலை ஆகணும், மகளுக்குச் சடைக்குப் பூ ஆகணும். ஒத்தைக் கையால ஆகற காரியமில்லை.

"அக்கா, மொட்டை எண்ணி எண்ணி எடுத்துக் குடு" ன்னா.

பேச்சி கையைப் பின்னால கட்டிக்கிட்டா. "நான் தொடக்கூடாது. கல்யாணப் பூ. எங் கை படக்கூடாது."

குருவம்மா நிமிந்து அவளைப் பாத்தா. "எங் கையும் இப்ப உங் கை மாதிரிதான் அக்கா. தொடு."

பேச்சி அப்பவும் தொடலை. பாயில கெடந்தவனைப் பாத்தா, இவளைப் பாத்தா. அப்புறம் சேலையில கையை ரெண்டு தரம் தொடைச்சுக்கிட்டு, நாலு மொட்டு எடுத்து நீட்டினா. நாப்பது வருசமா அவ கல்யாணப் பூவைத் தொட்டதில்லை. மொத நாலு மொட்டுத் தடுமாறித்தான் வந்துச்சு. அப்புறம் கை வேகம் புடிச்சுருச்சு. அவளுக்கு இவளைவிட நல்லா வந்துச்சு. சின்ன வயசுல எவ்வளவு தொடுத்திருப்பா பாவம். ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி, கை மட்டும் ஓடுது. ஒரு மாலை முடிஞ்சுது. ரெண்டாவதும் முடிஞ்சுது. அடியில அரளி வச்சுக் குஞ்சமும் கட்டியாச்சு. கொஞ்சம் ஏறுக்கு மாறாத்தான் இருந்துச்சு. ஆனா மல்லி அன்னைக்குக் காலையில பறிச்சது கண்ணு, பனி கூடக் காயலை.

ம்.

அப்புறம் குருவம்மா தொட்டித் தண்ணியில குளிச்சா. மொகத்துக்கு மஞ்சள் பூசினா. நெத்திக்குப் பொட்டு வச்சா. பொட்டு வைக்கிறப்ப வெரலு நெத்தி வரைக்கும் போயி நின்னுச்சு. பேச்சி, "வை. ஒரு பொழுதுதான" ன்னா. வச்சா. கூடையில மாலையை வச்சு, வாழை எலையால மூடி, தலையில தூக்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காம நடந்தா.

பந்தலுக்கு வந்தா நாயனம் பீ பீன்னு ஊதுது, புள்ளைக ஓடுதுக, சாம்பார் கொதிக்குது. மாப்பிள்ளையோட ஆத்தா காத்தாயிதான் மொத ஆளாக் கேட்டா.

"மதினி, அண்ணனை எங்க காணோம்?"

"அவருக்கு ஒரு நேர்த்தி இருக்கு மதினி. மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் தோட்டத்தை விட்டு வர்றதில்லைன்னு சாமிகிட்ட நேந்துக்கிட்டாரு."

"இதென்ன புதுசா இருக்கு" ன்னு காத்தாயி இழுத்தா. ஆனா சாமி காரியம்னதும் மேல பேசலை. மாலையைக் கையில வாங்கிப் பாத்து, "யாரு கட்டினது, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது?" ன்னா.

"வீட்டுக் கை மதினி" ன்னா இவ.

ரெண்டாவதா குருவம்மா தம்பி சன்னாசி வந்தான். பொண்ணுக்குத் தாய்மாமன். "அக்கா, மச்சான் இல்லாமத் தாரை வாக்க முடியுமா? நான் போயிக் கூட்டியாரேன்" ன்னு துண்டை ஒதறினான்.

"போகாத தம்பி. நீயும் உம் பொண்டாட்டியும் நின்னு தாரை வாத்துக் குடுங்க. அவரு சொல்லித்தான் சொல்றேன்."

சன்னாசி அக்கா மொகத்தையே பாத்தான். என்னமோ தோணுச்சு அவனுக்கு. என்னன்னு புடிபடலை. சரின்னுட்டான்.

மூணாவதா தெய்வானை. தலையில பூ வைக்கிறதுக்குன்னு உள்ள போனப்ப, புள்ளை ஆத்தா கையைப் புடிச்சுக்கிச்சு. "அப்பா எங்கம்மா?"

இவ அதையே சொன்னா. நேர்த்தின்னு சொன்னா.

தெய்வானைக்கு ஒதடு பிதுங்குச்சு. "எனக்குத் தாலி ஏறுறதைப் பாக்கறதைவிட அந்தத் தோட்டம்தான் பெருசாப் போச்சா அவருக்கு?"

இவ பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சடையில பூவை வச்சா. சொல்லிரலாமான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா. தகப்பன் மேல மக வருத்தப்பட்டுக்கிட்டே மணவறையில போயி உக்காந்தா. அந்த வருத்தத்தை ஏத்தி வச்சதே இவதான். அவளுக்கு அன்னைக்கு அதுதான் எல்லாத்தையும்விடப் பெரிய பாரம்.

அப்புறம் தாலித் தட்டு சுத்தி வந்துச்சு. தாலியைச் சுமங்கலிக எல்லாம் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும்ல, மொதல்ல பொண்ணோட ஆத்தாகிட்டக் கொண்டாந்து நீட்டினாங்க. மஞ்சள் கயிறு தட்டுல சுருண்டு கெடக்கு. தான் இப்பச் சுமங்கலி இல்லைன்னு குருவம்மாவுக்குத் தெரியுமில்ல. தொட்டா மகளுக்கு ஆகாதுன்னு மனசு அடிச்சுக்குது. கை ஈரமா இருக்குன்னு ஒதுங்கிரலாம்னு நெனச்சா, கொஞ்சம் பின்னாலயும் நகந்தா. அப்போ பேச்சி கை நெனப்புக்கு வந்துச்சு. தொடுன்னு சொன்னவ இவதான. அந்தக் கை பட்ட பூ இப்ப மக தலையில இருக்கு. அது ஆகும்னா இதுவும் ஆகணும். ஆகாதுன்னா ரெண்டுமே ஆகாது. கையை நீட்டித் தாலியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கண்ணுத் தண்ணி கயித்துல பட்டுச்சு. பெத்தவ அழுகத்தான செய்வான்னு எல்லாரும் நெனச்சாங்க.

மேளம் டமடமடமன்னு முழங்குச்சு. தாலி ஏறுச்சு. மாலை மாத்தினாங்க. ஒரு பூ உதிரலை.

அழுதாளா?

இல்லை. பந்திக்கு எலை போட்டா. சோறு வச்சா. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க" ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னா. அந்த நேரம் சன்னாசி, மச்சானுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வர்றேன்னு யாருகிட்டயும் சொல்லாமத் தூக்குச்சட்டியோட தோட்டத்துக்குப் போயிட்டான். இவ கவனிக்கலை. திரும்பி வந்து பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு நின்னப்பத்தான் பாத்தா. அவன் மொகம் செத்துப் போயிருந்துச்சு. தூக்குச்சட்டி அப்படியே கையில இருந்துச்சு. அக்கா தம்பியைப் பாத்தா. தலையை ஒரே ஒரு தரம் ஆட்டினா, வேண்டாம்னு. அவன் சட்டியைக் கீழ வச்சுட்டு, சாம்பார் வாளியை எடுத்துக்கிட்டுப் பந்திக்குள்ள போனான். மொளகாக் காரம்னு சொல்லிச் சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே ஊத்தினான்.

கடைசிப் பந்தி எந்திரிச்சுச்சு. பொண்ணு மாப்பிள்ளையை ஏத்த வண்டி பூட்டினாங்க. குருவம்மா மாப்பிள்ளையையும் மகளையும் காத்தாயியையும் வீட்டுக்குள்ள கூப்பிட்டா. கதவைச் சாத்தினா. நெத்திப் பொட்டை முந்தானையால அழிச்சா. அப்புறம் சொன்னா.

தெய்வானை அழுகலை. "எப்ப?" ன்னு மட்டும் கேட்டா.

"விடியக்காலம்."

"நீ அதுக்கப்புறமா எனக்குப் பூ வச்சுவிட்ட?"

"ஆமா."

காத்தாயிக்கு மொகம் கறுத்துப் போச்சு. "ஏமாத்திட்டியே மதினி. எங் குடும்பத்துக்குள்ள எழவோட வந்து நின்னிருக்கியே. புதுத் தாலியோட பொணத்தைப் பாக்கக்கூடாது. ஏறு வண்டியில" ன்னு மருமக கையைப் புடிச்சு இழுத்தா. தெய்வானை மரம் மாதிரி நின்னா. இழுத்த இழுப்புக்குப் போனா. ஆத்தா மொகத்தைப் பாக்கவே இல்லை. குருவம்மா இதை நெனச்சே பாக்கலை கண்ணு. தாலி ஏறணும்னு மட்டும் நெனச்சா. தாலி ஏறினதுனாலயே மக தகப்பன் மொகத்தைக் கடைசியாப் பாக்க முடியாமப் போகும்னு அவளுக்குத் தோணலை.

வண்டி ஏறியாச்சு. கடகடன்னு நகருது. அப்போ அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாத ராசாமணி வண்டிக்காரன் தோளைத் தொட்டான். "அண்ணே, தோட்டத்துப் பக்கம் விடு."

"டேய், சொல்றதைக் கேளு" ன்னா காத்தாயி.

"நீ வேணும்னா நடந்து வீட்டுக்குப் போம்மா. எங் கழுத்துல கெடக்கறது அவரு பூ. அவரைப் பாக்காம நான் போகமாட்டேன்" ன்னான்.

போனாங்க. குடிசைக்குள்ள பேச்சி தலைமாட்டுல விளக்கேத்தி வச்சுட்டு உக்காந்திருந்தா. தெய்வானை பட்டுச்சேலையோட மண்ணுல விழுந்தா. அப்புறம்தான் அழுதா. அந்த அழுகை கேட்டு ஊரு ஓடி வந்துச்சு. பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்தாச்சு.

ம்.

ஊரு ரெண்டாப் பேசுச்சு. குருவம்மா செஞ்சது சரிங்கிறவங்க நாலு பேரு. எழவை மறைச்சுச் சோறு போட்டவன்னு பேசினவங்க நாப்பது பேரு. அதுக்கப்புறம் யாரு வீட்டு விசேசத்துக்கும் அவளைக் கூப்பிடலை. பேச்சியும் அவளும்தான் ஒருத்திக்கு ஒருத்தி தொணை. தெய்வானை பதினாறாம் நாளு வந்தா, தகப்பன் படத்துக்கு முன்னாடி உக்காந்தா, போயிட்டா. ஆத்தாகூட ஒரு வார்த்தை இல்லை. தீவாளிக்கு வரலை. பொங்கலுக்கு வரலை. ராசாமணி மட்டும் மாசம் ஒருக்கா வந்து, "நல்லா இருக்கா அத்தை, கேக்காதீங்க, தானா வருவா" ன்னு சொல்லிட்டுப் போவான். நல்ல புள்ளை அது. குருவம்மா செடிக்குத் தண்ணி ஊத்துவா, களை எடுப்பா. பூவைப் பறிக்க மாட்டா. அது பாட்டுக்குப் பூத்துப் பூத்து மண்ணுல விழுந்துச்சு.

ரெண்டு வருசம் போச்சு. ஒரு நாளு காலையில குருவம்மா களைவெட்டியோட குனிஞ்சு நிக்கறா. வரப்புல ஆளு வர்ற சத்தம். நிமிந்து பாத்தா தெய்வானை. இடுப்புல ஒரு பொம்பளைப் புள்ளை. இவளுக்குப் பேரப்புள்ளை பொறந்தது தெரியும், கண்ணால பாத்ததில்லை. தெய்வானை புள்ளையை வரப்புல எறக்கிவிட்டா. அது தவழ்ந்து போயி மண்ணை அள்ளி வாயில வச்சுச்சு.

குருவம்மா களைவெட்டியைக் கீழ வச்சா. அப்புறம் தெய்வானை கேட்டா, "அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லு."

குருவம்மா சொன்னா. சில்லுன்னு இருந்த கையை, வாயில அடைச்ச முந்தானையை, பேச்சியை, காம்பு அறுந்ததை, பொட்டு வைக்க வெரலு நின்னதை, தாலித் தட்டை, எல்லாம். ஒண்ணையும் மறைக்கலை. "அப்பா மேல நீ வருத்தப்பட்டியே, அது என்னால. அதுக்குத்தான் நான் தெனம் அவருகிட்ட மாப்புக் கேக்கறேன்" ன்னா.

தெய்வானை தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெரலால மண்ணுல கோடு போட்டா. "எம் மகளுக்கு இப்படி ஒரு நாளு வந்தா, நான் என்ன செய்வேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்மா. எனக்குத் தெரியலை."

"தெரிய வேண்டாம்" ன்னா குருவம்மா. "அந்த நாளு உனக்கு வரவே வேண்டாம்."

அப்போ தெய்வானை எந்திரிச்சுப் போயி, புள்ளை வாயில இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துட்டு, புள்ளையைத் தூக்கியாந்து ஆத்தா மடியில வச்சா.

அப்புறம் பேசிக்கிட்டாங்களா?

பேசிக்கிட்டாங்க. முந்தி மாதிரி இல்லை. ஆனா பேசிக்கிட்டாங்க. அம்புட்டுத்தான் கண்ணு, இதுக்கு மேல இந்தக் கதையில வழி இல்லை. கண்ணை மூடு. தூக்கம் எம்புட்டு நேரமா வாசல்ல நிக்குது, உள்ள விடு.